பார்பெல்லை எங்கள் பிள்ளைகளுக்கும் விடுங்கள்: செட்டிநாட்டு ஜிம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், திருப்பத்தூர் வட்டாரத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே மாஸ்டராக நிற்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சைக்கிள் பந்தயத்துக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம், உங்கள் கூடத்தில் ஸ்க்வாட் ரேக்கும் (தோளில் கனத்தை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்க்வாட்டுக்கான சட்டம்) பார்பெல்லும் வேண்டும். ஓசியில் இல்லை, காசு கொடுத்துத்தான். ட்ரெட்மில் வேண்டாம், இடுப்பில் மாட்டி ஆட்டும் பெல்ட் மிஷின் வேண்டாம், ஏசி கூடப் போட வேண்டாம். கனமான இரும்பும், அதைத் தூக்க விடும் மனசும் போதும்.

நான் இந்த ஊரில் சில பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் பந்தயப் பயிற்சி கொடுப்பவள். படிக்கிற காலத்தில் நானும் பல்கலைக்கழக அணியில் ஓட்டியவள்தான். இந்த விஷயத்தை உங்களில் பலரிடம் நேரிலேயே கேட்டாயிற்று. யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் மறுத்தீர்கள். "அது ஜென்ட்ஸ் டைம்க்கா" என்றார் ஒருவர். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக்கா வெயிட்டு, கார்டியோ போட்டாப் போதும்" என்றார் இன்னொருவர். "நாளைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னா அவங்க அப்பா எங்கிட்டதான் வந்து நிப்பார்" என்றார் மூன்றாமவர். மூன்றாவது பதில் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் இரண்டுக்காகத்தான் ஊரறிய எழுதுகிறேன்.

ஒரு கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எது என்று கேட்காதீர்கள், எங்கே போனாலும் இதே கதைதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. விடிவதற்கு முன் கிளம்பி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் வரை மிதித்துவிட்டுத் திரும்பி வந்து பள்ளிக்கூடம் போகிறவள். மாஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் கிடந்த ரோஸ் கலர் டம்பெல் ஜோடியை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. "இருபது இருபதா மூணு செட் அடிம்மா, கை நல்லா டோன் ஆகும்." அவள் அடித்தாள். மூச்சு வாங்கவில்லை, வேர்க்கக்கூட இல்லை. அடித்து முடித்துவிட்டு, அவற்றைவிடக் கனமான புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அதே நேரத்தில், இரண்டடி தள்ளி, ரேக் காலியாகத்தான் இருந்தது. அதன் மேல் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு வேண்டியது கை டோன் ஆவதல்ல. தொடை, பிட்டத் தசை, பின்தொடை, முதுகு, கெண்டைக்கால் இவை வலுவாக வேண்டும். ஏன் என்பதற்கு அவள் ஓட்டும் பந்தயத்தைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டி உங்களுக்குத் தெரியும். 13 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 10 கிலோமீட்டர்; 15, 17 வயதுப் பிரிவுகளுக்கு 15 கிலோமீட்டர். கியர் இல்லாத, சாதாரண ஹேண்டில்பார் வைத்த நம்மூர் சைக்கிள். முதல் பரிசு 5,000 ரூபாய். (பையன்களுக்கு முறையே 15 கிலோமீட்டரும் 20 கிலோமீட்டரும். பெண்களுக்கு ஏன் ஐந்து குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது வேறொரு மடலுக்கு உரியது.) அந்தப் பதினைந்தில் பெரும்பகுதி கும்பலாகவே போகும். நம்மூர்ச் சாலை தட்டையானது, ஏற்றம் இறக்கம் வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. கடைசிச் சில நூறு மீட்டரில் யார் எழுந்து நின்று மிதிக்கிறாளோ அவள் ஜெயிக்கிறாள். கியர் இல்லாத வண்டியில் அப்படி எழுந்து மிதிப்பதற்கு மூச்சு மட்டும் போதாது. காலில் மிச்சம் இருக்க வேண்டும்.

மாவட்டத்தைத் தாண்டி மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போனால் டிராக் வந்துவிடும். டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் இருப்பது போல மரப்பலகை போட்டுச் சாய்த்துக் கட்டிய ஓடுதளம். டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, ஒரே ஒரு கியர், அதுவும் பின்சக்கரத்தோடு பிணைந்தது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். தனி ஆளாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரையலில் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது வடம் பிடிக்கிறவர்கள் எவ்வளவு தம் கட்டுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். உருள ஆரம்பித்துவிட்டால் அத்தனை பாடு இல்லை. அந்த முதல் இழுப்புதான் டிராக்கின் முதல் அரைச் சுற்று. அந்தமானிலிருந்து வந்த சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டு 2015இல் இந்த 500 மீட்டர் டைம் டிரையலில்தான் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்குப் போனார். 2025 முதல் பெண்களுக்கும் அது ஆண்களைப் போலவே 1,000 மீட்டர் ஆகிவிட்டது. உலகச் சைக்கிள் சங்கமே தூரத்தை இரட்டிப்பாக்கிவிட்டது. நம்மூர் ஜிம்மில் இன்னும் இரண்டு கிலோ டம்பெல்தான்.

"சைக்கிள் மிதித்தாலே கால் பலம் வந்துவிடுமே" என்று கேட்பீர்கள். வரும், ஒரு அளவு வரை. நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 தடவை அழுத்துகிறது. அத்தனை தடவை அழுத்த முடிகிறது என்றாலே ஒவ்வோர் அழுத்தமும் லேசானது என்றுதான் அர்த்தம். லேசானதைப் பல்லாயிரம் தடவை தள்ளினால் தாக்குப் பிடிக்கும் திறன் கூடும். உச்ச பலம் ஏறாது. அதற்கு ஐந்தாறு தடவைக்கு மேல் தூக்க முடியாத கனம் வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய பாடமே இல்லை. உங்கள் பையன்களுக்கு நீங்கள் தினமும் சொல்வதுதான்.

உச்ச பலம் கூடினால் நெடுந்தூரத்துக்கும் ஏன் உதவுகிறது என்பது பலருக்குப் புரிவதில்லை. கணக்குக்காக ஒரு காலின் உச்ச பலம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் 30 செலவு. அப்படியென்றால் அவள் தன் பலத்தில் 30 சதவீதத்தை எடுத்து மிதிக்கிறாள். உச்சம் 125 ஆகிவிட்டால் அதே மிதிக்கு 24 சதவீதம்தான். தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாங்குபவை, வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைப்பவை. மிதி லேசாகத் தெரிந்தால் உடம்பு முதல் வகையை வைத்தே ஓட்டும், இரண்டாம் வகையைக் கடைசி நேரத்துக்கு மிச்சம் பிடிக்கும். கடைசிச் சில நூறு மீட்டரில் வேண்டியது அந்த மிச்சம்தான்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. நார்வே ஆய்வாளர்கள் நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீராங்கனைகளை வைத்தே இதைச் செய்து பார்த்து 2016இலும் 2017இலும் வெளியிட்டார்கள். 11 வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை. அரை ஸ்க்வாட், ஒற்றைக்கால் லெக் பிரெஸ், தொடையை மேலே தூக்கும் பயிற்சி, கெண்டைக்கால் பயிற்சி. ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு நாலிலிருந்து பத்து ரெப்ஸ், அதாவது அத்தனை தடவை தூக்குவது, அதற்கு மேல் முடியாத கனம். வழக்கமான ஓட்டத்தை மட்டும் தொடர்ந்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார்கள். எடை தூக்கியவர்கள் 40 நிமிட முழுமூச்சு ஓட்டத்தில் முன்னைவிடக் கூடுதல் ஆற்றலோடு மிதித்தார்கள். மூன்று மணி நேரம் மிதித்துக் களைத்த பிறகு வைத்த 5 நிமிட முழுவேகச் சோதனையிலும் அவர்களே மேலே வந்தார்கள். உடல் எடை கூடவில்லை. ஆண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியைப் பெண்களுக்கு ஒட்டவைக்கிற வேலை விளையாட்டு அறிவியலில் நிறைய நடக்கும். இது அப்படி இல்லை என்பதால்தான் விவரமாகச் சொன்னேன்.

சரி, "பையன் மாதிரி ஆகிடுவா" என்ற பயத்துக்கு வருவோம். இதைச் சொல்லும் மாஸ்டர்கள்தான், "மூணு வருஷமா அடிக்கிறேன், சைஸ் ஏற மாட்டேங்குது" என்று அழும் பையன்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பருவ வயதுப் பையனுக்கு, வேண்டிய அளவு சாப்பிட்டு, வாரம் ஆறு நாள் இரும்போடு கிடந்தும் ஏறாத சைஸ், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பல மடங்கு குறைவாகச் சுரக்கும் பெண்ணுக்கு வாரம் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுமா? அதிலும் சைக்கிள் பிள்ளைகள் வாரத்தில் பல மணி நேரம் மிதிக்கிறார்கள். அந்த மிதி தசை பெருப்பதைத் தானே கட்டுக்குள் வைக்கும். மீராபாய் சானு டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியபோது இரண்டு தூக்கிலும் சேர்த்து 202 கிலோ தூக்கினார். ஆளைப் பாருங்கள், ஐந்தடியைத் தாண்டாத சின்னஞ்சிறு உருவம்.

பெண்கள் பாரம் தூக்கக் கூடாது என்று இந்த ஊரில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பழைய செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்கும் எந்த வேலையிடத்துக்கும் போய்ப் பாருங்கள். கலவைச் சட்டியும் செங்கலும் சித்தாள் அம்மாவின் தலையில்தான் மாடி ஏறுகின்றன. அவருக்கு யாரும் வந்து "கர்ப்பப்பை இறங்கிடும்மா, கீழ வை" என்று சொல்வதில்லை. தைப்பூசத்துக்கு இங்கிருந்து பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் எத்தனை ஆச்சிகள் இருக்கிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரியும். நெல்லைச் சீமையில் வடலிவிளை என்ற ஊரில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். கூலிக்கும் வேண்டுதலுக்கும் தூக்கலாம், பதக்கத்துக்குத் தூக்கக் கூடாது என்பது என்ன கணக்கு?

கர்ப்பப்பை பயம் அம்மாக்களிடம் உண்மையாகவே இருக்கிறது, அதைக் கேலி செய்துவிட்டுப் போக மாட்டேன். பிரசவம் முடித்தவர்களும் ஏற்கெனவே இறக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எடை தொட வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஆள் பக்கத்தில் நிற்க, முறையாகக் கற்று, படிப்படியாகத் தூக்குவதால் அது வராது. வளர்த்தி நின்றுவிடும் என்பதும் அப்படித்தான். மேற்பார்வையோடு செய்யும் எடைப் பயிற்சி வளரும் பிள்ளைகளுக்கு நல்லது என்றே குழந்தை மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. பெற்றோரிடம் இதையெல்லாம் பேசுவது என் வேலை. நீங்கள் அவர்கள் முன்னால் எதிர்ப்பாட்டு பாடாமல் இருந்தால் போதும்.

எலும்பு விஷயம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. சைக்கிள் ஓட்டும்போது உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்புக்குக் கிடைக்கும் அதிர்வு இதில் கிடைப்பதில்லை. அதனால் வருடக்கணக்கில் ரோடு பந்தயம் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு முதுகுத்தண்டு எலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெண்களுக்கு எலும்பில் சேமிப்பு சேர்வது பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான். மாதவிலக்கு நின்ற பிறகு எடுப்பு மட்டும்தான், வரவு இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த அப்பத்தா இல்லாத தெரு நம்மூரில் உண்டா? இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்க்வாட்டும், தரையில் கிடக்கும் கனத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டும் பந்தயத்துக்கு மட்டும் அல்ல.

இப்போது அந்த மூன்றாவது அண்ணனுக்கு. இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு? முதலில், பிடிக்காமல் செய்வது எப்படி என்று சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் கனமே கிடையாது. துடைப்பக் கட்டையிலும் வெறும் பாரிலும் வடிவம் பழகுவோம். ஸ்க்வாட்டில் பெண் பிள்ளைகள் பலருக்கு எழும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயும். அதைக் கண்ணாடியில் அவளே பார்க்க வேண்டும். பாதத்தை ஊன்றி, முழங்காலைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளி எழுந்திரு என்று நான் பக்கத்தில் நின்று சொல்வேன். அது சரியாகிற வரை ஒரு பிளேட் கூட ஏறாது. டெட்லிஃப்ட்டில் முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கக் கற்க வேண்டும். இதற்கு மட்டும் சிலருக்கு இரண்டு வாரம் ஆகும், ஆகட்டும். அப்புறம் எட்டு, பத்து ரெப்ஸ் போடும் கனம். இன்னும் மூன்று நான்கு வாரம் கழித்து ஐந்தாறு ரெப்ஸ் கனம், செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. ஓய்வு நேரத்தில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "ஏம்மா, பேசிக்கிட்டிருக்கீங்க" என்று விரட்டாதீர்கள். கனம் தூக்குகிறவர்களுக்கு அந்த ஓய்வும் பயிற்சிதான். பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

பயிற்சிகளும் கைவிட்டு எண்ணக்கூடியவைதான். ஸ்க்வாட், டெட்லிஃப்ட்டின் ஏதாவது ஒரு வகை, ஒற்றைக்காலில் பாரம் தாங்கும் ஸ்ப்ளிட் ஸ்க்வாட் அல்லது ஸ்டெப் அப், கெண்டைக்கால், அதோடு ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்க, கனத்தை உடம்பை நோக்கி இழுக்கும் ஒரு ரோ, கடைசியாக முழங்கையூன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க். ஒற்றைக்கால் பயிற்சியை நான் விடவே மாட்டேன். சைக்கிளில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் மிதிப்பதில்லை. பல பிள்ளைகளுக்கு ஒரு கால் இன்னொன்றைவிடச் சோம்பேறியாக இருப்பது ரேக்கில் நிற்கும்போதுதான் தெரிகிறது. பைசெப்ஸ் கர்ல் வேண்டாம். உங்கள் மாஸ்டர்கள் ஆசையாகச் சொல்லித் தர வருவார்கள், தெரியும். வேண்டாம்.

சாமான் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிகளில் ஆண்களுக்கான பார் 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கானது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். சின்னக் கைக்குப் பெருவிரலும் மற்ற விரலும் பார் மேல் பூட்டிக்கொள்வதும் பூட்டாததும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. கால் தூக்கத் தயாராக இருக்கும், விரல் நழுவும். ஒரே ஒரு பெண்கள் பார் வாங்கிப் போடுங்கள். முடியாவிட்டால் நாங்கள் சேர்ந்து வாங்கி உங்களிடமே வைக்கிறோம். அதோடு சின்னப் பிளேட்டுகள். பல கூடங்களில் ஐந்து கிலோவுக்குக் கீழே பிளேட்டே இல்லை. இரண்டு பக்கமும் ஐந்து போட்டால் ஒரே தாவலில் பத்து கிலோ ஏறிவிடுகிறது. 40 கிலோவில் ஸ்க்வாட் பண்ணும் பிள்ளைக்கு அது கால் பங்கு. முதுகு பிடிப்பது இந்த மாதிரி இடத்தில்தான். 1.25 கிலோ பிளேட் கடையில் கிடைக்கும், இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். நான் ஏற்பாடு செய்கிறேன்.

இவ்வளவும் பண்ணியும் யாருக்காவது வலி வந்தால் அன்றைக்குப் பயிற்சி நிறுத்தம், டாக்டரிடம் அழைத்துப் போவது நான். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் உங்கள் மேஜையில் இருக்கும். நான் இல்லாத நாளில் பிள்ளைகள் வர மாட்டார்கள். அந்த அப்பா வந்தால் என்னிடம்தான் வருவார்.

சாப்பாட்டு விஷயத்தில் உங்களிடம் ஒரு சண்டையும் உண்டு. தயவுசெய்து இந்தப் பிள்ளைகளிடம் "கொஞ்சம் வெயிட்டைக் குறைம்மா, இன்னும் ஸ்பீடு வரும்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் சும்மா போகிற போக்கில் சொல்வீர்கள், அவள் அன்று இரவே சோற்றை நிறுத்திவிடுவாள். மிதிக்கும் மிதிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் கைவைப்பது மாதவிலக்கில். மாதாமாதம் வருவது தள்ளிப் போகும், அப்புறம் நின்றே போகும். அது ஃபிட்னஸ் அல்ல, அபாய மணி. எலும்பு தேயும், அடிக்கடி காய்ச்சல் வரும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் வேகம் கூடாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலிருந்து இதற்குத் தனியாகவே வழிகாட்டுதல் வெளியிட்டு வருகிறது. இன்னொரு பக்கம் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. களைத்துப்போய் வரும் பிள்ளையைச் "சோம்பேறி" என்று முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்க்கச் சொல்கிறேன்.

கவுண்டரில் அடுக்கி வைத்திருக்கும் புரோட்டீன் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வியாபாரம், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு டப்பா என்பது ஒரு மாத மளிகையில் பெரும்பங்கு. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 50 கிலோ பிள்ளைக்கு 80 கிராம். இரண்டு மூன்று முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு பிடி வேர்க்கடலை, பருப்பு, தயிர், மீனோ கோழியோ இருக்கிற நாளில் அது. சைவ வீடுகளில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். பணியாரம் சாப்பிடக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மாவுச்சத்து வேண்டும். கந்தரப்பமும் சாப்பிடட்டும்.

பெண்கள் வரும் நேரத்தில் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நீட்டி முழக்க விரும்பவில்லை. பூட்டு போடக்கூடிய கழிவறை. யாரும் போனில் வீடியோ எடுக்கக் கூடாது, ரீல்ஸுக்குக் கூட. ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பிள்ளைகள் சுடிதார் பேன்ட்டோடு வந்தாலும் டிராக் பேன்ட்டோடு வந்தாலும் அதைப் பற்றிக் கருத்து வேண்டாம்.

பெண் மாஸ்டர் கிடைப்பதில்லை என்று சொல்கிறீர்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா? அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. படித்து முடித்த பெண்கள் வேலை தேடி வெளியூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தால் வரக்கூடியவர்கள் உண்டு. அப்படி ஒருவரை வைத்தால் உங்கள் லேடீஸ் பேட்ச்சும் காலை பத்து மணி ட்ரெட்மில்லோடு நின்றுவிடாது. பத்து மணிக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கிற பெண்களும் வேலைக்குப் போகிற பெண்களும் வருவார்கள். லாபக் கணக்கில் பார்த்தாலும் இது நஷ்டமில்லை.

பக்கத்து மாவட்டக் கதை ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். பக்கத்து மாவட்டம் என்பதுகூடத் தப்பு, செட்டிநாட்டு ஊர்களான ராயவரம், கோனாப்பட்டு, அரிமளம் எல்லாம் புதுக்கோட்டையில்தானே இருக்கின்றன. 1991இல் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகக் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். குவாரித் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியை என்று பல்லாயிரம் பேர். தெருவில் நின்று ஆண்கள் அடித்த கமென்ட்டையும் மீறிப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500 பேருக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். அப்போது பழகியவர்களின் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் இப்போது பதினோராம் வகுப்பில் அரசே சைக்கிள் கொடுக்கிறது. பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று இன்று யாரும் கேட்பதில்லை. அடுத்த தலைமுறையிலும் யாராவது பெண் பார்பெல் தூக்குவதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்குப் பந்தயம் இந்த வருடம்.

ஆகவே கணக்கு இதுதான். செப்டம்பர் 15இலிருந்து பின்னோக்கி எண்ணினால், வடிவம் பழக மூன்று வாரமும் கனம் தூக்கப் பதினோரு வாரமும் கடைசியில் ஒரு வாரம் ஓய்வும் சேர்த்துப் பதினைந்து வாரம் வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் தொடங்கியாக வேண்டும். திங்களும் வியாழனும், மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை. புதன் காலை வேகப் பயிற்சியும் ஞாயிறு நெடுந்தூர ஓட்டமும் இருப்பதால் மற்ற நாட்கள் சரிப்படாது. கனம் தூக்கிய மறுநாள் கால் கல்லாகக் கிடக்கும், அன்றைக்கு வேகமாக ஓட்டச் சொல்வது பாவம். போட்டிகள் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போதும், சேர்த்த பலம் கரையாமல் இருக்க. உங்கள் கூட்டம் ஏழு மணிக்கு மேல்தான் சேர்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் ரேக்கில் காய்வது துண்டுதான்.

காரைக்குடியில் ஒரு கூடம் ஒத்துக்கொண்டால் தொடங்கிவிடலாம். தேவகோட்டையில் இன்னொன்று கிடைத்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. மாதக் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று போடாமல் குழுவுக்கு இவ்வளவு என்று போட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகும். தொகையை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். முடியாது என்பவர்களும் மே மாதம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள், நான் வேறு இடம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் பிள்ளைகளின் பயிற்சியாளர்,
காரைக்குடி.